பதினொரு இரவுக்கு ஓர் அறை

மின்விசிறியை நான்தானே நிறுத்தினேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது சுகிர்தா இதைத்தான் நினைத்தாள். காலையில் மகள் திவ்யாவின் அறையைப் பெருக்கி, போர்வையை உதறி மடித்து, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை அணைத்து, வெளியே தாழ்ப்பாளும் போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போயிருந்தாள். ஸ்விட்சைத் தட்டியது விரலுக்கு நினைவிருந்தது. இப்போது மணி ஆறு. கார்த்திகை மழை காலையிலிருந்து விடாமல் தூறிக்கொண்டிருந்தது. வீடு முழுக்கக் காயாத துணியின் வாடையும் ஏரிப் பக்கமிருந்து வரும் சேற்று வாடையும் கலந்து கிடந்தன. அதற்கு நடுவே, சாத்திய கதவுக்குப் பின்னால், மூன்று சுற்றுக்கு ஒருமுறை கிறீச்சிடும் அந்தப் பழைய மின்விசிறி நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது.

தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

திறந்தாள். அறையில் யாருமில்லை. காற்று மட்டும் தலைக்கு மேல் சுழன்றது. இந்தக் குளிரில் யாருக்கு வேண்டும் இந்தக் காற்று? அணைத்துவிட்டு வெளியே வந்து மறுபடியும் தாழிட்டாள். கைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தாள். செய்தி ஒன்று வந்து கிடந்தது. திவ்யாதான்.

"ரூமுக்கு வந்து சேந்துட்டேன்மா. சூப்பரா கீது."

செய்தி வந்த நேரம் ஐந்து முப்பத்திநாலு.

அந்த அறையைத் தேடிப் பிடித்தவள் சுகிர்தாதான். உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பதினாறு வருடமாக ஊராருக்கு விண்ணப்பம் நிரப்பித் தருகிறாள். பட்டா மாறுதல், சாதிச் சான்று, முதியோர் உதவித்தொகை, தேர்வுக் கட்டணம் எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் போகும். கொத்தனாராக இருந்த கணவன் ஐசக் இறந்துபோன பிறகு அந்த விரல்கள்தான் திவ்யாவை ஏனாத்தூர் கல்லூரிவரை கொண்டுவந்தன. போன மாதம் கல்லூரியில் நாலு பேரைப் பொறுக்கி, பிராக் நகரத்தில் பதினொரு நாள் பயிற்சி என்றார்கள். விமானச் செலவு கல்லூரியுடையது. தங்குவதும் தின்பதும் அவரவர் பாடு. மற்ற மூவரும் சொந்தக்காரர், தெரிந்தவர் என்று ஆளுக்கொரு இடம் பார்த்துக்கொண்டார்கள். ஐசக்கின் மகளுக்கு ஐரோப்பாவில் எந்த அத்தை இருக்கிறாள்?

சென்டரில் கூட்டம் குறையும் மத்தியான வேளைகளில் சுகிர்தா தேட ஆரம்பித்தாள். பழைய பாலமும் மணிக்கூண்டும் இருக்கிற பகுதியில் ஓர் இரவுக்குக் கேட்ட விலை அவளுடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தொட்டது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் வந்தால் குறையும், ட்ராம் வண்டியில் நாலு நிறுத்தம் தள்ளிப் போனால் இன்னும் குறையும் என்று நாலைந்து நாளில் கற்றுக்கொண்டாள். படங்களைப் படிக்கவும் கற்றுக்கொண்டாள். படுக்கையையே ஆறு கோணத்தில் காட்டினால் ஜன்னல் இல்லை என்று பொருள். எவ்வளவு தேடியும் கைக்கு எட்டியது ஒன்றுதான்: ஆணும் பெண்ணுமாகப் பன்னிரண்டு பேர் அடுக்குக் கட்டிலில் படுக்கிற கூடம். அதற்கு அவள் மனம் ஒப்பவில்லை.

அப்படித் தேடிக்கொண்டிருந்தபோதுதான் வீடு மாற்றிக்கொள்ளும் தளம் ஒன்று கண்ணில் பட்டது. நீ என் வீட்டில் தங்கு, நான் உன் வீட்டில் தங்குகிறேன், யாரும் யாருக்கும் எதுவும் தர வேண்டாம். மணிக்கூண்டுக்கு இரண்டு தெரு தள்ளி, மூன்றாம் மாடி, தனி அறை, ஒரு கட்டில், ஜன்னல். ஒன்பது பேர் கருத்து எழுதியிருந்தார்கள். எல்லோருமே பெண்கள். "அமைதியான அறை." "வீட்டுக்கார அம்மாவால் ஒரு தொந்தரவும் இல்லை." "எங்கள் வீட்டில் அவர் இருந்ததே தெரியவில்லை." கடைசியாக எழுதியவள் மட்டும், "அறை அருமை. நான் வீடு மாறிவிட்டேன்" என்று எழுதியிருந்தாள். வேறு நல்ல வீடு கிடைத்துப் போயிருப்பாள் என்று சுகிர்தா நினைத்துக்கொண்டாள்.

பாரத்தில் ஒரு கட்டம் சிவப்பு நட்சத்திரத்தோடு இருந்தது. பதிலுக்கு நீங்கள் தரும் அறை எது? பதினாறு வருடப் பழக்கம் அவளுக்கு. நட்சத்திரம் போட்ட கட்டம் காலியாக இருந்தால் பாரம் போகாது. எதையாவது நிரப்பினால் போய்விடும். அப்பா பெயர் தெரியாத கிழவர்களுக்குக்கூட ஒரு பெயர் எழுதி அனுப்பியிருக்கிறாள். அங்கிருந்து யார் இங்கே வரப்போகிறார்கள்? 'மகளின் அறை, அதே பதினொரு இரவுகள்' என்று தட்டினாள். ஒப்புக்கொள்கிறேன் என்ற கட்டத்தில் ஒரு சரி. அடுத்த நிமிடமே பதில் வந்தது. அவருக்குச் சம்மதம்.

இரவு ஒன்பது மணிக்குத் திவ்யா வீடியோவில் கூப்பிட்டாள்.

"கட்டில் சூடா இருந்துச்சும்மா. இப்பதான் யாரோ எழுந்து போன மாதிரி."

"ஹீட்டர் போட்டு வெச்சிருப்பாங்க."

"அத்த நான்தாம்மா வந்து போட்டேன்." திவ்யா சிரித்தாள். "கீழ் வூட்டுத் தாத்தாகிட்ட ஓனரம்மா எங்கன்னு கேட்டேன். 'உங்க வூட்டுக்குத்தான் போயிருக்கு'ன்றாரு. பிளேன்ல எனக்கு எதுக்க வந்திருக்கும் போல. நாஷ்டா போட்டுக் குடு அதுக்கு."

சுகிர்தாவும் சிரித்தாள். சிரித்து முடித்த கணத்தில் அறைக்குள் கட்டில் கட்டை ஒன்று முனகியது. ஓர் உடம்பு புரண்டு படுத்தால் முனகுகிற அளவுக்கு.

அன்று கூடத்தில் விளக்கை அணைக்காமலேயே படுத்தாள். எலியாக இருக்கும். மழை ஈரத்துக்கு மரம் உப்பியிருக்கும். தனியாகப் படுத்துப் பழகாததால் காது எல்லாவற்றையும் பெரிதாக்குகிறது. ஒவ்வொரு காரணமாக எடுத்து அடுக்கினாள். மனுக்களில் காரணம் எழுதிப் பழகிய மனசு அது. கேட்டால் கொடுக்கும். ஆனால் தான் எழுதித் தந்த காரணங்களில் பாதி பொய் என்பதும் அந்த மனசுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை கதவைத் திறந்து பார்த்தாள். மடித்து வைத்த போர்வை விரிந்திருந்தது. தலையணை நடுவில் ஒரு பள்ளம். அதைத் தொடக் கை நீண்டு, தொடாமலே திரும்பியது. அந்த அறையில் இதுவரை இல்லாத ஒரு வாடை இருந்தது. வெகுநாள் பூட்டிக்கிடந்த அலமாரியைத் திறந்தால் வருமே, கம்பளியும் கரியும் கலந்த மாதிரி, அது. அந்தக் கட்டிலில் கம்பளியே கிடையாது.

தளத்தில் செய்தி ஒன்று வந்து கிடந்தது. அறையைப் பார்த்துக்கொள்ளும் ஆள் எழுதியது.

'அவர் வந்து சேர்ந்துவிட்டார். நன்றி. கதவை வெளியே தாழிட்டு வையுங்கள். எதுவும் கொடுக்காதீர்கள், பேசாதீர்கள். பதினொரு இரவு முடிந்ததும் எங்கள் நேரம் காலை பதினொரு மணிக்குக் கதவைத் திறந்துவிட்டால் போதும். திரும்பிவிடுவார்.'

மூன்று முறை படித்தாள். எங்கள் நேரம் பதினொன்று என்றால் இங்கே மத்தியானம் மூன்றரை. கணக்கைப் போட்ட பிறகுதான், தான் இதை நம்பிவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. திவ்யாவை வேறு இடத்துக்கு மாற்றலாமா என்று அன்றே தேடினாள். கிறிஸ்துமஸ் சந்தை தொடங்கிவிட்டதாம். நகரமெங்கும் அறை காலியில்லை. சொன்னால் பெண் பயந்துபோவாள், பயிற்சி கெட்டுவிடும். அது இங்கே இருக்கிறவரை அங்கே இல்லை. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அவள் நாட்களை எண்ண ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுத்த வீட்டுப் பாஞ்சாலி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று குரல் கொடுத்தாள். பாஞ்சாலிக்குத் தெருவில் நடப்பது எதுவும் தப்பாது.

"இன்னா சுகிர்தா, சீமைக்குப் போன பொண்ணு அதுக்குள்ள வந்துட்டாளா?"

"இல்லியே. இன்னும் எட்டு நாள் கீது."

"அடிப்பாவி, என்கிட்டயே மறைக்கிறியே! மத்தியானம் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு இருந்தேன், ஜன்னலாண்ட நின்னுகினு தலை வாரிக்கினு இருந்தாளே. திவ்யான்னு கூப்ட்டேன், திரும்பவே இல்ல. சீமைத் தண்ணி குடிச்சதும் பவுசு வந்துட்ச்சா?"

ஜன்னலைச் சாத்தியிருந்தேனே. நாக்கின் நுனிவரை வந்ததை சுகிர்தா விழுங்கினாள்.

"முடி எவ்ளோ நீளம்க்கா?"

பாஞ்சாலியின் சிரிப்பு கொஞ்சம் தடுமாறியது. "அத்த ஏன் கேக்குற? வாரிக்கினே இருந்தா. சீப்பு கீழ போயிக்கினே இருந்துச்சு. முடிவே காணோம்." பிறகு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "மழைக் காலம், கண்ணும் சரியா தெர்ல" என்று உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் அந்த வேலிப் பக்கம் அவள் வரவே இல்லை.

ஐந்தாம் நாள் இருமல் கேட்டது.

வறண்ட இருமல். வெகுநேரம் அடக்கிவைத்து, அடக்க முடியாமல் வெளியே வருகிற, அடுத்தவர் வீட்டில் இருக்கிறோம் என்ற கூச்சத்தோடு இருமுகிற இருமல். சுகிர்தா அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். இருமல் நின்றது. மறுபடி வந்தது. அவளுக்குப் பயம்தான். ஆனால் கைகள் வேறு பழக்கத்தில் வளர்ந்தவை. வேலைக்குப் போன வீடுகளின் கொல்லையில் நின்று, கையேந்தித்தான் தண்ணீர் வாங்கிக் குடித்தவள் அவள் அம்மா. என் வீட்டுக்கு வருகிற எவரையும் தாகத்தோடு உட்கார வைக்கமாட்டேன் என்று சொல்லிச் சொல்லியே மகளை வளர்த்தாள். செம்பில் தண்ணீர் நிரம்பியதும், தாழ்ப்பாள் நகர்ந்ததும், ஒரு சாண் இடைவெளியில் செம்பு உள்ளே போனதும் சுகிர்தாவைக் கேட்காமலே நடந்தன.

கதவை மூடிய பிறகுதான் செய்தியின் வரி நினைவுக்கு வந்தது. எதுவும் கொடுக்காதீர்கள்.

உள்ளே யாரோ குடித்தார்கள். நிறுத்தாமல், மூச்சு வாங்காமல், செம்பில் இருந்ததைவிட வெகுநேரம் குடித்தார்கள்.

அடுத்த நாள் மாலை முழங்காலிட்டு ஜெபம் செய்தாள். கண்ணை மூடி, மனப்பாடமான வரிகளை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். எங்கள் பாவங்களை எங்களுக்கு மன்னியும் என்ற இடத்தில், தன் குரலுக்கு அரை நொடி பின்னால் இன்னொரு முணுமுணுப்பு வருவதைக் கேட்டாள். வார்த்தை இல்லாத வெறும் ஓசை. அவள் நிறுத்தினாள். அதுவும் நிறுத்தியது. அவள் ஆமென் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவுக்குப் பின்னால் அது சொன்னது.

அன்றிலிருந்து அது பேசப் பழகியது. பகல் முழுக்க, தூறல் சத்தத்துக்குக் கீழே, குழந்தை எழுத்துக் கூட்டுவதுபோல. அம். அம்மா. அம்மா. முதலில் கிழட்டுக் குரல். தினமும் இரவு ஒன்பதுக்குத் திவ்யா கூப்பிடுவாள், கூடத்தில் நின்று இவள் பேசுவாள், கைப்பேசியிலிருந்து மகளின் குரல் வீடு முழுக்கக் கேட்கும். அது கேட்டுக்கொண்டிருக்கிறது என்று புரிந்து இவள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டபோது பத்தாம் நாள் ஆகிவிட்டது. அதற்குள் அந்தக் குரலில் வயசு உதிர்ந்து, திவ்யாவின் குரலாக இன்னும் ஓர் அடிதான் மிச்சமிருந்தது.

சுகிர்தா சென்டருக்கு லீவு சொன்னாள். அறைக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கதவையே பார்த்தாள். பார்க்காவிட்டால் அது இன்னும் அருகில் வந்துவிடும் என்று தோன்றியது. இந்தப் பத்து நாளில் அவள் வேண்டியது ஒன்றே ஒன்று. அது போகட்டும்.

சனிக்கிழமை. கடைசி நாள். விடியற்காலை விமானம், அதனால் முந்தின இரவே திவ்யா அறையைக் காலி செய்துவிட்டாள். நாளைக்கு இந்நேரம் பெண் வீட்டில். இன்று மூன்றரைக்குக் கதவைத் திறந்தால் போதும். காலையிலேயே தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டு வைத்தாள்.

பன்னிரண்டரைக்குக் கைப்பேசி அடித்தது.

"ஒரே பேஜாருமா." திவ்யாவின் குரல் கம்மியிருந்தது. "பனி கொட்டுது. பிளேன் கேன்சல். திங்கக்கிழமைதான் அடுத்ததாம்."

"இப்ப எங்க கீற?"

"ரூம்லதான். சாவிப்பெட்டி நம்பர்தான் தெரியுமே, நானே தொறந்துகினேன்."

"வெளிய வா."

"இன்னாம்மா?"

"வெளிய வாடி! கூட வந்த பொண்ணுங்ககிட்ட போ, ஸ்டேஷனுக்குப் போ, எங்கனா போ."

"அவளுங்க நேத்தே கிளம்பிட்டாளுங்கம்மா. ராத்திரி முழுக்க ஏர்போர்ட் தரையில உக்காந்து காய்ச்சல் வந்துட்ச்சு. மாத்திரை போட்டுக்கினேன். கண்ணு சொருவுது. தூங்கி எழுந்து பேசறேன்."

"திவ்யா, நான் சொல்றத கேளு, அந்த ரூமு—"

வைத்துவிட்டாள். சுகிர்தா மறுபடி அழைத்தாள். மணி அடித்தது, அடித்தது, நின்றது. அறையைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு எழுதினாள். இன்னும் இரண்டு நாள் வேண்டும், தயவுசெய்து. பதில் உடனே வந்தது.

'உங்கள் மகள் தாராளமாக இருக்கலாம். அவரும் திரும்பிவிடுவார். கட்டில் ஒன்றுதான். அவர் நகர்ந்து படுக்கமாட்டார்.'

இரண்டு மணி. அழைத்தாள். எடுக்கவில்லை.

மூன்று மணி. எடுக்கவில்லை.

மூன்றே கால். தூறல் நின்றது. பதினொரு நாளில் முதல்முறையாகக் கூரை சொட்டாமல், தவளை கத்தாமல், காற்று அசையாமல் வீடு நின்றது. அறைக்குள்ளும் சத்தமில்லை. இத்தனை நாள் சத்தத்துக்குப் பயந்த சுகிர்தா, இப்போது காதைக் கதவில் ஒட்டினாள். போய்விட்டதா? அதற்குள் போய்விட்டதா? ஏதாவது செய். இருமு. புரண்டு படு.

ஒன்றுமில்லை.

அவளே கதவைத் தட்டினாள். ஒரு விரலால்.

உள்ளேயிருந்து ஒரு விரல் தட்டியது. அவள் காதுக்கு நேராக.

அவளுக்கு அழுகை வந்தது. நிம்மதியின் அழுகை. அதை உணர்ந்தபோது வந்த பயத்துக்கு அவளிடம் பெயரில்லை.

மூன்றரை.

"அம்மா."

திவ்யா. மத்தியானம் போனில் கம்மிய அதே தொண்டை. காய்ச்சல்கூட இருந்தது குரலில்.

"கதவத் தொறமா. நேரமாயிட்ச்சு."

அவள் தாழ்ப்பாளைத் தொடவில்லை.

"வூட்டுக்குப் போவணும். களைப்பா கீது. என் கட்டில்ல போய்ப் படுக்கணும்."

தாழ்ப்பாள் அசைந்தது. யாரும் தொடாமல். எண்ணெய் போட்ட இரும்பு ஓசையில்லாமல் ஒரு நெல்மணி அளவு நகர்ந்தது. இன்னொரு நெல்மணி. சுகிர்தா பாய்ந்து அதன் மேல் கையை வைத்து அழுத்தினாள். இரும்பு பனியாய்க் குளிர்ந்தது. அவள் உள்ளங்கைக்கு நேராக, பலகைக்கு அந்தப் பக்கம், ஓர் உள்ளங்கை வந்து பதிந்தது. ஐந்து விரலும் மரத்தினூடே தெரிந்தன. அதற்கு மேல் இன்னொரு கை. அவள் நெற்றிக்கு நேராக ஒன்று. முழங்காலுக்கு நேராக ஒன்று. கணுக்காலுக்கு. கதவின் மேல் சட்டத்துக்கும் மேலே, சுவரில், ஒன்று. எல்லாம் மெதுவாகத் தள்ள ஆரம்பித்தன.

"தொறமா. அங்க யாரோ என் எடத்துல படுத்துக்கினு கீறாங்க."

சுகிர்தா முழு உடம்பையும் கதவில் சாய்த்தாள். கன்னத்தைப் பலகையில் வைத்தாள். உதடு எதிரே இன்னோர் உதட்டின் குளிர்ச்சியை உணர்ந்தது. பேருந்துக்கு அவசரப்படும் விருந்தாளியைத் தடுக்கிற தணிந்த, பிரியமான குரலில், யாரையும் எழுப்பிவிடாதபடி சொன்னாள்.

"இன்னும் ரெண்டு நாள் இரும்மா."